ஸ்விங் இசையும் நண்பரின் பேண்டும்: கேட்கப் பழக ஒரு பாடம்



கர்நாடக இசையைப் பற்றி நம் இதழில் எழுத என்னைவிடத் தகுதி உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் படித்தது மெக்கானிக்கல் டிப்ளமா. பார்த்தது இரயில் பெட்டி பராமரிப்பு வேலை. திருச்சியிலிருந்து கரக்பூருக்கு வேலைக்கு வந்து, ஓய்வு பெற்று, இப்போது நியூ டவுனில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஆனாலும் சென்ற மூன்று ஆண்டுகளாக என் நண்பர் ஒருவருடைய ஜாஸ் பேண்டுக்கு எடுபிடியாக இருந்து வருவதால், அந்த இசையைக் கேட்கும் முறை ஓரளவு பிடிபட்டிருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நண்பர் ஆங்கிலோ இந்தியர். இரயில்வேயில் கார்டாக இருந்தவர். வயது 72. அவருடைய தகப்பனார் கரக்பூர் இரயில்வே இன்ஸ்டிடியூட்டில் கிறிஸ்துமஸ் நடனங்களுக்கு டிரம்பெட் வாசித்தவர். பழைய பெங்கால் நாக்பூர் இரயில்வே காலத்திலிருந்தே அங்கே மரத் தளம் போட்ட ஹால், பேண்டு, நடனம் எல்லாம் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதெல்லாம் ஓயும் நிலை. நாங்கள் நாலைந்து தமிழ்ப் பையன்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்போம், உள்ளே போக மாட்டோம். நண்பர் அப்போது உள்ளே டிராம்போன் வாசித்துக்கொண்டிருந்தார் என்பது முப்பது வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அவருடைய பேண்டின் முதல் நிகழ்ச்சிக்குப் போனபோது மேடையில் 17 பேர் இருந்தார்கள். கீழே 14 பேர். அந்த 14-ல் ஆறு பேர் என் வீட்டார். ஆறு பேருக்கும் நான் இலவசப் பாஸ் கேட்டு வாங்கியிருந்தேன். இதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்தப் பேண்டு என்பது என்ன என்று பார்ப்போம். பிக் பேண்டு என்றால் வெறும் பெரிய பேண்டு என்று பொருள் இல்லை. அதற்கு ஓர் அமைப்பு உண்டு. முன்வரிசையில் சாக்ஸபோன் ஐந்து: ஆல்டோ இரண்டு, டெனர் இரண்டு, பாரிடோன் ஒன்று. அதன் பின்னால் டிராம்போன் நான்கு, அதற்கும் பின்னால் டிரம்பெட் நான்கு. பக்கவாட்டில் பியானோ, கிடார், பெரிய பாஸ், டிரம்ஸ். ஆக 17. அமெரிக்காவில் 1920-களில் ஃபிளெட்சர் ஹெண்டர்சன் போன்றோர் இந்த முறையை உருவாக்கினார்கள். 1935-ல் பென்னி குட்மன் ஹெண்டர்சன் எழுதிக் கொடுத்த தாள்களை வைத்து வாசித்துப் பெரும் புகழ் பெற்றார். டியூக் எலிங்டன், கவுண்ட் பேஸி, கிளென் மில்லர் எல்லாம் இதே குடும்பம். பத்துப் பன்னிரண்டு வருடம் அந்த நாட்டு இளைஞர்கள் ஆடியதெல்லாம் இந்த இசைக்குத்தான்.

கல்கத்தாவுக்கும் அது தாமதமில்லாமல் வந்தது. டெடி வெதர்ஃபோர்டு என்ற கறுப்பின அமெரிக்கப் பியானோ கலைஞர், சிகாகோவில் லூயி ஆம்ஸ்ட்ராங்குடன் ஒரே குழுவில் வாசித்தவர், 1926-ல் கிழக்கே கிளம்பி ஷாங்காய், பம்பாய் எல்லாம் சுற்றி, யுத்த காலத்தில் நம் சௌரங்கி கிராண்டு ஓட்டலில் பேண்டு நடத்தினார். அவர் குழுவில் அமெரிக்கர், ஆங்கிலோ இந்தியர், கோவாக்காரர், பர்மாவிலிருந்து ஓடி வந்தவர் எல்லாரும் இருந்தார்கள். நகரம் முழுக்க நேச நாட்டுச் சிப்பாய்கள் நிரம்பியிருந்த நேரம் அது. 1945 ஏப்ரலில் காலரா கண்டு இங்கேயே இறந்து போனார். வயது 41. இன்று கிராண்டு ஓட்டல் வாசலில் துணி விற்பவர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு பார்க் ஸ்ட்ரீட்டில் டிரிங்காஸ், மொகாம்போ, புளூ ஃபாக்ஸ் என்று இருந்த இடங்களில் சிறு குழுக்கள் வாசித்தன. பாம் கிரெயின் பாடினார். டார்ஜிலிங்கில் பிறந்த லூயி பேங்க்ஸ் புளூ ஃபாக்ஸில் வாசித்துவிட்டுத்தான் பம்பாய்க்குப் போனார். 1970-களின் குழப்பத்திலும் கேளிக்கை வரியிலும் அவற்றில் பல இசையை நிறுத்தின. கார்ல்டன் கிட்டோ போன்ற ஒரு சிலர் இங்கேயே தங்கிக் கடைசிவரை கிடார் சொல்லிக் கொடுத்தார்கள். அவரும் 2016-ல் காலமானார்.

நமக்கு இதெல்லாம் அந்நியம் என்று நினைக்க வேண்டாம். நம் காதில் இது சினிமா வழியாக முன்பே ஏறியிருக்கிறது. 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' (1958) படத்துக்கு இசையமைத்த சி. ராமச்சந்திராவுக்கு ஹிந்திப் படங்களில் உதவியாக இருந்தவர் சிக் சாக்லேட் என்ற கோவா டிரம்பெட் கலைஞர். பம்பாய் ஜாஸ் பேண்டுத் தலைவர். 'புதிய பறவை' (1964) படத்தில் விசுவநாதன்–ராமமூர்த்தி திரட்டிய பெரிய வாத்தியக் குழுவை யார் மறப்பார்கள்? அந்தப் படமே 'சேஷ் அங்கா' என்ற வங்காளப் படத்தின் தழுவல் என்பதைக் கல்கத்தாவில் இருக்கும் நாம் சொல்லிக் கொள்ளலாம்.

இனி பாடத்துக்கு வருவோம். ஸ்விங் என்றால் என்ன?

நண்பரிடம் இதைக் கேட்டபோது கையை ஊஞ்சல் மாதிரி ஆட்டிக் காட்டினார். எனக்கு விளங்கவில்லை. பிறகு டிரம்ஸ்காரர் பித்தளைத் தட்டில் வாசிப்பதைக் கவனித்து நானே எண்ணிப் பார்த்தேன். தாளம் நான்கு அடி. ஒவ்வோர் அடியையும் சமமாக இரண்டாக உடைத்தால் அது நடைபோடும் இராணுவ பேண்டு. ஸ்விங்கில் அப்படி இல்லை. ஒவ்வோர் அடியையும் மூன்றாகப் பிரித்து, முதல் சுரத்துக்கு இரண்டு பங்கு, அடுத்ததற்கு ஒரு பங்கு. மிருதங்கம் கற்கும் பிள்ளைகளுக்குச் சொல்வதானால் திஸ்ர நடை. 'தகிட' என்பதில் 'த'வும் 'ட'வும் மட்டும் ஒலிக்க வேண்டும், 'கி' மௌனம். அதைவிட எளிதாகச் சொல்ல நம் இலக்கணத்திலேயே வழி இருக்கிறது. நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒரு மாத்திரை. 'தாக தாக தாக தாக' என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே காலால் 'தா'வுக்குத் தட்டுங்கள். அவ்வளவுதான் ஸ்விங். வேகம் கூடக் கூட இந்த இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு தளர்ந்து சமத்தை நோக்கிப் போகும், நிதானமான பாட்டில் நன்றாகத் தெரியும்.

இந்தக் கணக்கை நான் முன்பே எங்கோ கேட்டிருக்கிறேன் என்று ஒரு வாரம் மனதை அரித்தது. பிறகு பிடிபட்டது. பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் 1955 முதல் செய்த பழைய பெட்டியின் நீளம், பஃபரோடு பஃபர், 22.297 மீட்டர். ஒரு பெட்டியின் இரண்டு போகிகளுக்கு நடுவே, மையத்துக்கு மையம், 14.783 மீட்டர். கழித்தால் ஒரு பெட்டியின் பின் போகிக்கும் அடுத்த பெட்டியின் முன் போகிக்கும் இடைவெளி 7.514 மீட்டர். பதினாலே முக்கால், ஏழரை: கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒன்று! தண்டவாள இணைப்பு ஒன்றின் அருகே நின்றுகொண்டு வண்டி கடப்பதைக் கேட்டால், போகிகள் நெடில் குறில், நெடில் குறில் என்றுதான் தட்டிக்கொண்டு போகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பெட்டி கடக்க 0.8 விநாடி, அதாவது நிமிடத்துக்கு 75 அடி. நல்ல மெதுவான ஸ்விங் பாட்டின் வேகம். நாற்பது வருடம் அந்தப் பெட்டிகளுக்கு அடியில் படுத்து எழுந்தவனுக்கு இது தோன்ற 65 வயது ஆக வேண்டியிருந்தது. (புதிய எல்.எச்.பி. பெட்டியில் 14.9-க்கு 9.1 வருகிறது, கொஞ்சம் தளர்ந்த ஸ்விங். இணைப்புகளையும் பெரும்பாலும் வெல்டு செய்துவிட்டார்கள், சத்தமே குறைந்துவிட்டது.) நண்பரிடம் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கார்டு வேனில் உட்கார்ந்து டிராம்போன் பாடம் செய்ததாகவும், அப்போது தாளம் போட வேறு ஆள் தேவைப்படவில்லை என்றும் சொன்னார். எலிங்டன் 1933-லேயே 'டேபிரேக் எக்ஸ்பிரஸ்' என்று இரயில் ஓடுவதை அப்படியே பேண்டில் வாசித்துக் காட்டியிருக்கிறார். இரயில்வே குடும்பத்தினர் அதைத் தேடிக் கேட்க வேண்டும்.

அடுத்து, கை தட்டுவது. நாம் ஆதி தாளத்தில் முதல் அடிக்குத் தட்டிப் பழகியவர்கள். இங்கே இரண்டாவது, நான்காவது அடிகளில்தான் தட்ட வேண்டும். முதல் நிகழ்ச்சியில் என் வீட்டார் உற்சாகமாக ஒன்றுக்கும் மூன்றுக்கும் தட்டினார்கள். டிரம்ஸ்காரர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பாட்டின் அமைப்பும் நமக்குப் புதிதல்ல. முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். பெரும்பாலும் 32 அளவைகள், எட்டெட்டாக நான்கு பகுதி, மூன்றாவது பகுதி மட்டும் வேறு மெட்டு. பிறகு ஒருவர் எழுந்து நின்று அதே சுற்றின் மேல் கற்பனையாக வாசிப்பார். நம் கற்பனாஸ்வரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் இராகத்துக்குப் பதிலாக அடியில் மாறிக்கொண்டே போகும் சுரக் கூட்டங்களைப் பின்பற்ற வேண்டும். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் சும்மா இருப்பதில்லை. சாக்ஸபோன்கள் ஒரு சிறு வாக்கியம் சொல்ல, டிரம்பெட்டுகள் அதற்குப் பதில் சொல்லும். இந்தக் கேள்வி பதிலைக் காதால் பிரித்துப் பிடிப்பதுதான் பிக் பேண்டு கேட்பதன் சுகம். முதல் தடவை கேட்பவர்கள் ஒரே ஒரு வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பெரிய பாஸைப் பிடித்துக்கொண்டேன். அடிக்கு ஒரு சுரம், நடந்துகொண்டே இருக்கும், தடுமாறவே தடுமாறாது.

சாக்ஸபோன் நம் இசைக்கு ஆகுமா என்று கேட்பவர்களுக்குக் கத்ரி கோபால்நாத்தை ஞாபகப்படுத்தினால் போதும். மைசூர் அரண்மனை பேண்டில் அந்த வாத்தியத்தைக் கேட்டு மயங்கி, அதையே கர்நாடகக் கச்சேரிக்குக் கொண்டுவந்தவர்; 1980-ல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்கக் கலைஞர் ஜான் ஹேண்டியோடு வாசித்தார்.

இன்னொரு விஷயம், இதில் நான் அடிபட்டுக் கற்றது. சுருதி. நம் பாடகர் ஒன்றரைக் கட்டை, ஐந்தரைக் கட்டை என்று அவரவர் குரலுக்கு 'ச'வை வைத்துக்கொள்வார். இந்த வாத்தியங்களுக்கும் பிறவியிலேயே கட்டை உண்டு. டிரம்பெட்டும் டெனர் சாக்ஸபோனும் தாளில் உள்ள 'சி'யை வாசித்தால் ஒலிப்பது ஆறரைக் கட்டை. ஆல்டோவும் பாரிடோனும் அதே 'சி'யை வாசித்தால் இரண்டரைக் கட்டை. டிராம்போன், பியானோக்காரர்கள் எழுதியபடியே வாசிப்பார்கள். ஆகவே ஒவ்வொரு வாத்தியத்துக்கும் மாற்றி எழுதிய தனித் தாள் வேண்டும். தாள்களை ஜெராக்ஸ் எடுத்து அடுக்கும் வேலை எனக்குத் தரப்பட்டபோது இது எனக்குத் தெரியாது. ஒரு டிரம்பெட் தாள் காணாமல் போகவே, பியானோ தாளிலிருந்து மேல் வரியை நகல் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அன்று மூன்று டிரம்பெட் ஒரு சுருதியிலும் நான்காவது ஒரு முழு சுரம் கீழேயும் வாசித்தன. நண்பர் கோபிக்கவில்லை. "தாதா, பிரேக் பிளாக்கை மாற்றிப் போட்டால் வண்டி நிற்குமா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது பாஸ் விஷயம். அந்த முதல் நிகழ்ச்சிக்கு டிக்கெட் 200 ரூபாய். என் வீட்டார் ஆறு பேரைக் கழித்தால் வசூல் 1,600. டிரம்ஸையும் பாஸையும் கொண்டுவந்த வேன் வாடகையே 1,500. மீதி நூறு ரூபாயை 17 பேருக்குப் பிரிக்க முடியாது. பாஸ் வாசிப்பவர் பாரக்பூரிலிருந்து வருகிறவர். திரும்பிப் போக டாக்ஸிக்கு நண்பர் தன் பென்ஷனிலிருந்து கொடுத்ததை வாசலில் நின்று பார்த்தேன். நாங்களும் பணம் கொடுத்திருந்தால் 1,200 சேர்ந்திருக்கும். நண்பர் என்ற உரிமையில் கேட்ட பாஸ், நண்பரின் பையிலிருந்துதான் போயிருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி, "அவர் நமக்காக வாசிச்சாரா, நாம அவருக்காக வந்தோமா?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை. நம் சபாக்களிலும் இதே வழக்கம்தான் என்பதை வாசகர்கள் அறிவீர்கள்.

பெரிய பேண்டுகள் உலகம் முழுவதும் ஓய்ந்ததற்கு இந்தக் கணக்கே முக்கியக் காரணம். அமெரிக்காவில் 1942-ல் வாத்தியக்காரர் சங்கம் ரெகார்டிங் வேலைநிறுத்தம் செய்தது. 1944-ல் நடன விடுதிகளுக்கு 30 சதவீத வரி போட்டார்கள், சில மாதத்தில் 20 ஆகக் குறைத்தார்கள். யுத்தத்துக்குப் பின் 17 பேரைப் பஸ்ஸில் ஏற்றி ஊர் ஊராகப் போவது கட்டுப்படியாகவில்லை. ஐந்து பேர் குழு பிழைத்தது, 17 பேர் குழு கலைந்தது. இசை பிடிக்காமல் போனது அதற்கு அப்புறம்தான்.

மறுநாள் நண்பரிடம் போய் ஆறு டிக்கெட்டுக்கு உள்ள பணத்தைக் கொடுத்தேன். வாங்க மறுத்தார். சரி, வேறு என்ன வேண்டும் என்றேன். தாள் வைக்க ஸ்டாண்டு என்றார். அதுவரை நாற்காலியின் முதுகில் துணி கிளிப் மாட்டி வாசித்துக்கொண்டிருந்தார்கள். மின்சாரக் கண்டியூட் குழாயை வாங்கி, மூன்று கால் வைத்து, அலுமினியத் தகட்டில் தாள் பலகை மடித்து, 17 ஸ்டாண்டு செய்து கொடுத்தேன். மூன்று வாரம் ஆயிற்று. டிராம்போன் வரிசைக்கு மட்டும் பலகையைத் தாழ்த்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நீட்டும் குழாய் இடிக்கும். முதல் இரண்டு ஸ்டாண்டு அப்படி இடிபட்டுத்தான் கற்றேன்.

பிறகு சத்தம். ஒத்திகை நடப்பது எங்கள் குடியிருப்புச் சமுதாயக் கூடத்தில். மூன்றாவது வாரமே புகார் வந்தது. புகார் செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எட்டு பித்தளை வாத்தியம் மூடிய கூடத்தில் முழங்கினால் யாருக்கும் தலைவலிக்கும். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 45 என்று 2000-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பால்கனியில் நின்று கைப்பேசியில் அளந்தபோது 70-ஐத் தாண்டியது. கூடத்தையே இழந்துவிடும் நிலை. வீடு வீடாகப் போய் பழைய குளிர்கால லேப் ரஜாய்களைக் கேட்டு வாங்கி, ஜன்னல் பக்கச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டோம். டிரம்பெட் வரிசையைத் திருப்பி உள்சுவரைப் பார்க்க உட்கார வைத்தோம். நேரத்தை ஞாயிறு மாலை நான்கிலிருந்து ஆறு என்று மாற்றினோம். புகார் கொடுத்த வீட்டுக்கு நானே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். இப்போது அவர்கள் வீட்டுப் பையன் டிரம்ஸ்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறான்.

ஆட்கள் கிடைத்த விதமும் சொல்லத்தக்கது. டிரம்பெட் இரண்டு பேர் மகாத்மா காந்தி ரோடு கல்யாண பேண்டுக்காரர்கள். நான்காவது டிராம்போனுக்கு ஆளே இல்லை; ஓய்வு பெற்ற போலீஸ் பேண்டுக்காரர் ஒருவர் யூஃபோனியத்தில் அதே தாளை வைத்து வாசிக்கிறார், இரண்டுக்கும் ஒலி எல்லை ஏறக்குறைய ஒன்றே. கல்யாண சீசனில் இவர்களைப் பிடிக்க முடியாது. ஆனால் வங்காளிகளின் பௌஷ் மாதத்தில் கல்யாணம் கிடையாது. அது நம் மார்கழி. ஆகவே பேண்டின் ஆண்டு நிகழ்ச்சியை நண்பர் மார்கழியில் வைத்துவிட்டார். சென்னையில் கச்சேரி நடக்கும் அதே நாட்களில் இங்கே இது நடக்கிறது. சென்ற மார்கழியில் கீழே 81 பேர் இருந்தார்கள், நான் வாசலில் டிக்கெட் கிழித்ததால் எண்ணிக்கை சரியாகத் தெரியும். பாஸ் ஒன்றுகூடக் கிடையாது. 17 பேருக்கும் சம்பளம் என்று சொல்ல முடியாவிட்டாலும் போக்குவரத்துச் செலவும் லூச்சி ஆலுதமும் கொடுக்க முடிந்தது.

இவ்வளவும் எழுதக் காரணம் உண்டு. பாரிடோன் சாக்ஸபோன் வாசித்த பையனுக்குச் சென்ற மாதம் புனேயில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அந்த நாற்காலி காலி. வாத்தியம் நண்பரிடமே இருக்கிறது. ஐந்தாறு கிலோ கனம், கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து வாசிக்க வேண்டும். நம் குடும்பங்களில் நாகஸ்வரமோ கிளாரினெட்டோ சாக்ஸபோனோ சிறிதாவது ஊதிப் பழகிய பிள்ளைகள், பெரியவர்கள் யாராவது இருந்தால் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். தாள் படிக்க நண்பர் சொல்லிக் கொடுப்பார். ஸ்டாண்டு தயாராக இருக்கிறது.